'ரா' எழுத்தின் மேல் ஒரு கோடு

பாக்தாதுக்குத் தெற்கே, அமாரா ஊரின் அரசுக் கல்லூரியில் நாற்பத்தாறு பேர் சும்மா பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். சும்மா என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல, நிஜமாகவே சும்மா. காகிதத்தில் அவர்களுக்கு 'இலவச விரிவுரையாளர்' என்று பெயர். சேரும் நாளிலேயே, சம்பளம் கேட்கமாட்டேன், நிரந்தர வேலை கேட்கமாட்டேன் என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். படித்தவன் எவனாவது இதில் கையெழுத்துப் போடுவானா என்று கேட்கலாம். போடுவான். என்றைக்காவது அரசாங்கம் ஆள் எடுக்கும், அப்போது ஏற்கெனவே உள்ளே நிற்பவனுக்குத்தான் முதலிடம் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் சிலர் நான்கு வருடம் நின்றார்கள். பூகோளத்துறை விஜ்தான் ஒன்பது வருடமாக நின்றுகொண்டிருந்தாள்.

சாசிப் லஃப்தாவுக்கு ஆறு வருடம். அரபித்துறையின் முதலாமாண்டு இலக்கணம் முழுக்க அவன் தலையில்தான். நாற்பத்தொரு வயது, மூன்று பெண் குழந்தைகள், மதியத்துக்கு மேல் ஓட்ட ஒரு மஞ்சள் டாக்சி. காலையில் எவனுக்கு மதிப்பெண் குறைத்தானோ அவனே சாயங்காலம் டாக்சியில் ஏறி, சந்தை வரும்வரை இரண்டு மதிப்பெண்ணுக்காக வாதாடுவான்.

"வகுப்புல கேட்டா வாயே திறக்கமாட்டானுங்க டாக்டர். வண்டில ஏறினாத்தான் அறிவு வருது. பேசாம பரீட்சையை டாக்சிலயே வெச்சுடலாம்" என்பான் சாசிப்.

அந்த டாக்டர் அரபித்துறைத் தலைவர் ஹாதிஃப் ரிஸ்ஸான். ஐம்பத்தேழு வயது. மாதம் பிறந்தால் முழுச் சம்பளம். கெட்டவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. பெருநாளுக்குப் பெருநாள் சாசிப்பின் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். அவன் வாரம் நடத்தும் பன்னிரண்டு மணி நேரமும் சட்டப்படி துறையின் நிரந்தர ஆசிரியர்கள் நடத்தவேண்டியவை என்பதை மட்டும் அவர் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைக்காமல் இருக்க முடிகிற ஒன்றை எதற்கு வம்பாக இழுத்து நினைப்பது?

அவருக்கென்று ஒரு பெருமை இருந்தது. 'லா' பற்றி நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அரபியில் 'லா' என்றால் இல்லை. அந்த இல்லையில் இரண்டு தினுசு உண்டு. வீட்டில் ஆள் இல்லை என்கிறோம். ஒரு தினுசில் சொன்னால் ஓர் ஆள் இல்லை, இரண்டு பேர் இருந்தாலும் இருக்கலாம். இன்னொரு தினுசில் சொன்னால் ஆள் என்ற இனமே அங்கே கிடையாது. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடுத்து வரும் சொல்லின் கடைசி எழுத்துக்கு மேலே போடுகிற குறியில்தான் வித்தியாசம். அந்தக் குறியை யாரும் போடுவதில்லை. பத்திரிகைக்காரன் போடுவதில்லை, நீதிபதி போடுவதில்லை, காதல் கடிதம் எழுதுகிறவன்கூடப் போடுவதில்லை. ஹாதிஃப் போடுவார். மளிகைச் சீட்டிலும் போடுவார். அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "சர்க்கரைக்கு எதுக்குங்க தொப்பி?" என்று கேட்டிருக்கிறாள்.

இப்படி இருக்கையில் ஒரு சேதி வந்தது. அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிற எவருக்கும் இதற்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று ஒரு தொகையை வரையறுக்க பாக்தாதில் குழு அமைத்திருக்கிறார்களாம். மாதம் ஐந்து லட்சம் தினார் என்று பேச்சு அடிபட்டது. நாற்பத்தாறு பேரும் கூடி ஒரு மனு எழுதினார்கள். எழுதியது சாசிப். ஒரே பக்கம். இத்தனை வருடம் நடத்துகிறோம், இத்தனை மாணவர்கள், எங்களுக்குச் சம்பளம் வேண்டும், அதற்கு ஒரு கீழ்வரம்பு வேண்டும். அதைத் திருத்துவதற்காக அவன் துறைத்தலைவரிடம் கொண்டுவந்தான்.

ஹாதிஃப் பதினொரு பிழை கண்டுபிடித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தவர் அதோடு நிற்கவில்லை.

"என்ன சாசிப் இது, கறிக்கடைக்காரன்கிட்ட பாக்கி கேக்கற மாதிரி எழுதியிருக்கே? துணையமைச்சருக்குப் போகுது. நம்மளும் நாலு எழுத்து படிச்சவங்கன்னு தெரியவேண்டாமா?"

"நீங்களே மாத்திக் கொடுங்க டாக்டர். எனக்கு வண்டிக்கு நேரமாச்சு."

மறுநாள் மனு புதுக்கோலத்தில் வந்தது. அதன் முதல் வரி இப்படி இருந்தது: 'கல்வியின் ஊழியர்கள் நாங்கள், அதற்கு ஊதியம் என்று எதுவும் எங்களுக்கு இல்லை, அறிவின் மனநிறைவைத் தவிர.' அதற்கப்புறம் நான்கு வரி பணிவு, ஐந்தாவது வரியில் கோரிக்கை. ஊதியத்துக்கான அரபிச் சொல்லின் கடைசியில் நிற்கும் 'ரா' எழுத்தின் மேல் ஹாதிஃப் தன் கையாலேயே சின்னதாக ஒரு சாய்வுக் கோடு போட்டிருந்தார். இனத்தை மறுக்கும் கோடு.

சாசிப் இரண்டு தடவை படித்தான். "டாக்டர், முதல் வரி... நமக்குச் சம்பளமே வேண்டாம்ங்கற மாதிரி வருதே?"

"அது மரியாதை வாக்கியம்பா. பெரியவங்ககிட்டே எடுத்த எடுப்புல பணம்னு ஆரம்பிக்கலாமா? கொஞ்சம் நளினம் வேணும். படிக்கிறவன் புரிஞ்சுக்குவான்."

"நீங்க சொன்னா சரிதான்" என்றான் சாசிப். ஆறு வருடமாக அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நாற்பத்தாறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஹாதிஃபுக்கே கடிதம் வந்தது. சட்ட வாசகத்தைச் செம்மைப்படுத்த மொழி வல்லுநர் ஒருவர் தேவை, குழுவில் உறுப்பினராக வரவும் என்று. எதற்காக என்று யாரும் விசாரிக்கவில்லை, உறுப்பினர் என்றதுமே கல்லூரியே குதித்தது. விஜ்தான் வீட்டிலிருந்து ஒரு தட்டு பேரீச்சம்பழ பிஸ்கட் கொண்டுவந்து வைத்தாள். சாசிப், "கராஜுல ஷேர் டாக்சி பிடிச்சு நாலு பேரோட இடிச்சுக்கிட்டு உக்காந்து போவீங்களா? நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டான். அந்த மனுவை எழுதியவரே அதைப் பரிசீலிக்கிற குழுவில் உட்காரலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஹாதிஃபும் கேட்டுக்கொள்ளவில்லை.

கூட்டத்தன்று விடிந்ததும் கிளம்பினார்கள். வழியில் கூத் ஊரில் வண்டியை நிறுத்தி எருமைப் பாலாடையும் சமூன் ரொட்டியும் தின்றார்கள். சாசிப் வாயில் ரொட்டியோடு விஷயத்தைச் சொன்னான்.

"எண்ணெய் வயல்ல காவல் வேலை ஒண்ணு இருக்கு டாக்டர். மச்சான் பேசி வெச்சிருக்கான். கேட்டுல நின்னு லாரிக்காரனுக்குக் கம்பியைத் தூக்கிவிடணும். மாசம் எட்டு லட்சம்."

"டாக்டர் பட்டம் வாங்கிட்டுக் கம்பி தூக்கறதா?"

"கம்பி பட்டத்தைப் பாக்காது டாக்டர். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க." ரொட்டியை விழுங்கினான். "எனக்குக் கம்பி வேண்டாம் டாக்டர். அஞ்சு லட்சம் போதும். வீட்டுக்காரிகிட்டேயும் சொல்லிட்டேன், அஞ்சு வந்தா வகுப்பு, வராட்டி கம்பி. அவளும் சரின்னுட்டா. நீங்க உள்ளே இருக்கீங்க. அப்புறம் எனக்கென்ன?"

ஹாதிஃப் அவன் தோளில் தட்டினார். அந்த நேரம் அவர் மனதில் கள்ளம் எதுவும் இல்லை, அதை இங்கே சொல்லியாகவேண்டும். நல்லது செய்யத்தான் போனார்.

குழுவில் ஒன்பது பேர். அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. தலைமையில் துணையமைச்சர் டாக்டர் சர்மத். அவர் வலது கைப்பக்கம் சட்ட ஆலோசகர் முஹன்னத், மெலிந்த ஆள், கோப்பில் கலர் கலராக ஒட்டுச்சீட்டு. பேச்சு ஒரு சொல்லில் வந்து நின்றது. கொடுப்பதை 'ஊதியம்' என்று சட்டத்தில் எழுதினால் கீழ்வரம்பு தானாக வந்துவிடும், அதற்குக் கீழே ஒரு தினார் குறைக்கமுடியாது. 'வெகுமதி' என்று எழுதினால் வரம்பு கிடையாது. அந்தந்தக் கல்லூரி மனம்போல் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம்.

"ஊதியம்னு கேக்கறவங்க யாரு?" என்றார் முஹன்னத். "அவங்களே வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்காங்களே." பச்சைச் சீட்டு ஒட்டிய பக்கத்தைத் திறந்து மேசை நடுவில் தள்ளினார். அமாரா மனு.

சர்மத் அதை எடுத்து முதல் வரியை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அடடா, என்ன அழகு! இந்தக் காலத்துல இப்படி எழுத ஆள் இருக்கானா? மேலே குறிகூடப் போட்டிருக்கான் பாருங்க. யார் எழுதினது இது?"

ஹாதிஃபுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இருபது வருடமாகத் துறைக்கூட்டத்தில் தலையாட்டுபவர்களை மட்டுமே பார்த்த மனிதர். பாக்தாதில், ஒரு துணையமைச்சர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழகு என்கிறார். நான்தான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்றும் தெரிந்தது: மனு எழுதியவர் இங்கே என்ன செய்கிறார்? எழுந்து போகச் சொல்லுவார்கள். அழகு என்ற சொல்லும் கூடவே எழுந்து போய்விடும்.

"கல்லூரி ஆசிரியர்கள் எழுதினது" என்றார். பொய்யில்லை. அவரும் கல்லூரி ஆசிரியர்தானே. மனிதனுக்குத் தேவைப்படும்போது உண்மை எப்படியெல்லாம் வளைந்துகொடுக்கிறது!

முஹன்னத் விடவில்லை. "டாக்டர், நீங்க மொழி வல்லுநர். இந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்? அதிகச் சம்பளம் வேண்டாம்ங்கறாங்களா, இல்லே சம்பளமே வேண்டாம்ங்கறாங்களா?"

அங்கே ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மரியாதைக்காக எழுதியது, எங்கள் பக்கத்தில் மனு இப்படித்தான் தொடங்கும், இதையெல்லாம் எடையில் போடாதீர்கள் என்று. ஆனால் கேட்டது 'லா'வைப் பற்றி. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியும் ஒரு மனிதனும் அவரிடம் கேட்காத கேள்வியை எட்டுப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். ஹாதிஃப் காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார். வீட்டில் ஆள் இல்லை என்பதிலிருந்து தொடங்கினார். இரண்டு தினுசையும் பிரித்துக் காட்டினார். பழைய இலக்கணக்காரர்கள் எங்கே சண்டை போட்டார்கள் என்பதையும் சொன்னார். பன்னிரண்டு நிமிடம் பேசினார். ஒருவர் குறிப்புக்கூட எடுத்தார். தன் வாழ்நாளில் இவ்வளவு நன்றாக அவர் பேசியதில்லை.

"ஆக," என்றார் முஹன்னத், "பெரிய சம்பளம், சின்னச் சம்பளம், மாசச் சம்பளம், மணிக்கணக்குச் சம்பளம், எதுவுமே இல்லை?"

"இலக்கணப்படி, ஊதியம் என்ற இனமே இல்லை."

முஹன்னத்தின் பேனா எழுதிக்கொண்டது. வாயை மூடிய பிறகுதான் ஹாதிஃபுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது. "ஆனா இது ஒரு சம்பிரதாயமா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. எல்லாரும் கரண்டியால் கலக்க ஆரம்பித்தார்கள். தேநீருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். தேநீருக்குப் பிறகு சர்மத் அவர் பக்கம் சாய்ந்து, "நல்லா விளக்கினீங்க டாக்டர், இந்தக் குழுவுக்கே நீங்க ஒரு மரியாதை" என்றார். அதற்கப்புறம் எங்கே சொல்வது? 'வெகுமதி' என்று முடிவாயிற்று. ஆட்சேபம் இருந்தால் பத்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்றும் ஒரு வரி.

சாசிப் வண்டி நிறுத்துமிடத்தில், காலணியைக் கழற்றிவிட்டு முன்சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தான். கதவுச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்தான்.

"என்ன டாக்டர் ஆச்சு?"

"பேசிட்டிருக்காங்க. இழுக்கும்."

"நீங்க பேசினீங்களா?"

"பேசினேன். நல்லாத்தான் பேசினேன்."

சாசிப்பின் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு ஹாதிஃப் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பாக்தாதை விட்டு வெளியே வந்ததும் அவன் கைப்பேசியை எடுத்து, ஒலியைப் பெரிதாக வைத்து, மச்சானைக் கூப்பிட்டான்.

"அந்தக் கம்பி வேலை எனக்கு வேண்டாம்டா. வேற ஆளுக்குக் கொடுத்துடு."

"பைத்தியமா உனக்கு?" என்றது கைப்பேசி. "எத்தனை பேர் காலைப் பிடிச்சு வாங்கினது தெரியுமா? நாளைக்கு நீயே கேட்டாலும் கிடைக்காது."

"எங்க டாக்டர் உள்ளே போயிப் பேசிட்டு வந்துட்டார்டா. இதோ பக்கத்துலதான் உக்காந்திருக்கார், சலாம் சொல்லு."

"சலாம் டாக்டர்" என்றது கைப்பேசி.

"வஅலைக்கும் சலாம்" என்றார் ஹாதிஃப். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பொறு என்று ஒரு சொல். இருபது நிமிடத்தில் நான்கு தடவை அது தொண்டைக்கு வந்தது. அவர் சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். அமாரா வந்து சேரும்வரை சாசிப் முதலாமாண்டுப் பாடத்திட்டத்தை எப்படி மாற்றலாம் என்று பேசிக்கொண்டே வந்தான்.  தன்னையே பார்த்து இவ்வளவு கூச்சம் ஹாதிஃபுக்கு அதுவரை வந்ததில்லை.

வீட்டில் மனைவி குழுவைப் பற்றிக் கேட்டாள். நன்றாக நடந்தது என்றார். துணையமைச்சர் பாராட்டினார் என்றும் சொல்லிவிட்டார். அவள் உடனே அக்காளுக்குப் போன்போட்டுச் சொன்னாள். அடுத்த நான்கு நாளும் அவர் கல்லூரிக்குப் பின்வாசல் வழியாகப் போய்வந்தார்.

ஐந்தாம் நாள் குழுவின் தீர்மானத்தை யாரோ படமெடுத்து எல்லாருடைய கைப்பேசிக்கும் அனுப்பிவிட்டார்கள். 'மனுதாரர்கள் தம் எழுத்திலேயே ஊதியத்தை முழுமையாக மறுத்துள்ளமையாலும், மொழி வல்லுநரின் விளக்கம் அதை உறுதிசெய்வதாலும்...' என்று போயிற்று அது. வல்லுநரின் பெயர் இல்லை.

அன்று வகுப்புகள் முடிந்ததும் கருத்தரங்க அறையில் நாற்பத்தாறு பேரும் கூடினார்கள். மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கழுத்தை அறுத்துவிட்டதால் அறை வெந்துகொண்டிருந்தது. ஹாதிஃபை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

"யார் அந்த மொழி வல்லுநர்?" என்று கத்தினாள் விஜ்தான். "அவன் நாக்குல புழு வைக்க! ஒன்பது வருஷம்! ஒன்பது வருஷமா என் காசுல சாக்பீஸ் வாங்கறேன். ஒருத்தன் ஏசியில உக்காந்துக்கிட்டு இலக்கணம் சொல்றான்!"

"டாக்டர் முன்னாடி இப்படிப் பேசாதீங்க" என்று சாசிப் எழுந்தான். அவன் இரண்டு நாளாகத் தூங்காதவன்போல் இருந்தான். மச்சான் போனை எடுப்பதை நிறுத்திவிட்டதாகப் பேச்சு. "மரியாதை வாக்கியத்தைத் திரிச்சு பாக்தாத்காரன் எவனோ செஞ்ச வேலை. நம்ம டாக்டர் தனியாளா என்ன பண்ணுவார், பாவம்? அவர் பேசினார், எனக்குத் தெரியும். ஆட்சேபத்துக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு. டாக்டரே எழுதட்டும். அவரை விட்டா நமக்கு யாரு?"

கைதட்டினார்கள். ஒருத்தர் காகிதம் கொண்டுவந்து வைத்தார். ஹாதிஃப் காகிதத்தைப் பார்த்தார். கைதட்டல் நின்றபாடில்லை.

"நான்தான்" என்றார்.

"ஆமா டாக்டர், நீங்கதான் எழுதணும்" என்றார்கள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில்.

"அதில்ல. அந்த வல்லுநர் நான்தான்."

கைதட்டல் ஒரே சமயத்தில் நிற்கவில்லை. பின்வரிசையில் கேட்காதவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துத்தான் நிறுத்தவேண்டியிருந்தது. விஜ்தான் மெதுவாக உட்கார்ந்தாள். சற்றுமுன் யாருடைய நாக்கைச் சபித்தோம் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அதற்காக அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டியதும் இல்லை.

ஹாதிஃப் எல்லாவற்றையும் சொன்னார். பேச்சு கோர்வையாக வரவில்லை. கோட்டைச் சொன்னார், பன்னிரண்டு நிமிடத்தைச் சொன்னார், தேநீரைச் சொன்னார். நடுநடுவே "வேணும்னு செய்யலை" என்று வாயில் வந்தது. இரண்டாவது தடவை வந்தபோது அவருக்கே அசிங்கமாக இருந்ததால் நிறுத்திக்கொண்டார்.

சாசிப் நின்றுகொண்டே இருந்தான். அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரைந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஹாதிஃப் அதைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு கொஞ்சம் லேசாகியிருப்பார். அவன் வகுப்பில் மாணவனைக் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டான்.

"யார் எழுதினதுன்னு அங்கே கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீங்கன்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"நான் வண்டியில மச்சானுக்குப் போன் பண்ணினப்போ, இது இப்படித்தான் முடியும்னு தெரியுமா?"

"தெரியும்" என்றார் ஹாதிஃப். 

யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். விஜ்தான்தான் முதலில் காரியத்துக்கு வந்தாள். "ஆட்சேபத்துக்கு இது போதும். அந்த முதல் வரி நாங்க எழுதலை, வேறொருத்தர் எழுதினது, அவரே குழுவுல உக்காந்து அர்த்தமும் சொன்னாருன்னு அவர் கைப்பட எழுதிக் கொடுத்தா, அந்தத் தீர்மானம் நிக்காது. உங்க வேலைக்குத்தான் என்னாகும்னு தெரியாது டாக்டர். எழுதுவீங்களா?"

"எழுதறேன்."

அவர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். பழக்கம் விடவில்லை. 'மாட்சிமை பொருந்திய குழுவின் விரிந்த உள்ளத்தின் முன்...' என்று கை தானாக ஓடியது. சாசிப் குனிந்து பார்த்துவிட்டு அந்தக் காகிதத்தை உருவி எடுத்தான். வேறு காகிதம் வைத்தான்.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. அலங்காரம் வேண்டாம்."

அவன் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அந்த மனுவின் முதல் வரியை எழுதியது நான். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் சந்தேகம் கேட்டார், நான் காதில் வாங்கவில்லை. கோட்டைப் போட்டது நான். குழுவில் அதற்கு அர்த்தம் சொன்னதும் நான். இவர்களுக்குச் சம்பளம் வேண்டும். சாசிப் சொன்ன ஒரு வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் ஒட்டாமல் நின்றன. ஹாதிஃப் பிழையோடு அப்படியே எழுதினார்.  துணியால் விசிறிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"யார் எழுதினதுன்னு கேட்டப்போ நான் மறைச்சேன். எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"ஏன் மறைச்சீங்க?"

ஹாதிஃப் நிமிர்ந்து பார்த்தார். இதுவும் எழுதுவதற்கா, அல்லது அவனுக்கே தெரியவேண்டுமா என்று புரியவில்லை.

"வேலை போயிடும்னு பயமா? மேலே இருக்கறவங்க யாராவது சொன்னாங்களா? சொன்னாங்கன்னா சொல்லுங்க டாக்டர்." அவன் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அப்படி ஒரு காரணம் இருந்துவிட்டால் அவனுக்கும் தேவலாம்போலிருந்தது. "உங்க பிள்ளைங்க விஷயமா ஏதாவது மிரட்டினாங்களா?"

"யாரும் மிரட்டலை."  நாற்பத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "துணையமைச்சர் அந்த வரியைப் படிச்சிட்டு அழகா இருக்குன்னு சொன்னார், சாசிப். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. நான்தான்னு சொன்னா அது போயிடும்னு... அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

சாசிப் அவர் முகத்தைப் பார்த்தான். மூன்று பெண்களின் தகப்பன், இனி வகுப்பும் இல்லாத, கம்பியும் இல்லாத ஆள். எட்டு லட்சமும் ஐந்து லட்சமும் எதற்காகப் போயின என்பதை அவன் இப்போதுதான் தெரிந்துகொண்டான்.

"அதையும் எழுதுங்க" என்றான்.

"எப்படி எழுதட்டும்?"

"இப்போ சொன்னீங்களே, அப்படியே."

ஹாதிஃப் எழுதினார். சந்தோஷம் என்ற சொல் வந்த இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டதும், நாற்பத்தாறு பேருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்று படித்தார்.